இணையவழியில் மொழி கற்பிப்பவர் வரவு செலவையும் வரியையும் கையாளும் முறை

பெங்களூரில் வீட்டு அறையில் இருந்தபடி தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு ஒரே மாதத்தில் நான்கு வழிகளில் பணம் வரக்கூடும். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் வட இந்தியர் ஒருவர் பேச்சுத் தமிழ் கற்றுக்கொண்டு யுபிஐ மூலம் கட்டணம் செலுத்துகிறார். டாலஸில் வாழும் குடும்பம் ஒன்று பேபால் வழியாக டாலரில் அனுப்புகிறது. ஐடாக்கி, ப்ரெப்லி போன்ற வெளிநாட்டுத் தளம் தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. உள்ளூர் நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தச் சொல்லி, பத்து விழுக்காடு வரியைப் பிடித்துக்கொண்டு மீதத்தை வங்கியில் செலுத்துகிறது. வருமான வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்த நான்கும் ஒரே வகை வருமானம். ஜிஎஸ்டி சட்டமோ இவற்றை வெவ்வேறாக நடத்துகிறது. சம்பளக்காரருக்கு அலுவலகத்தின் கணக்குப் பிரிவு செய்து கொடுக்கும் வேலைகள் அனைத்தையும் இங்கே ஆசிரியரே செய்துகொள்ள வேண்டும்.

முழுநேர வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே கற்பிக்கத் தொடங்கிய பெண்களில் பலர் இந்த வருமானத்தைக் கைச்செலவுக் காசு என்றே சொல்லிக்கொள்வதைக் கேட்கிறேன். அது தொழில் வருமானம். அதைத் தொழிலாக மதித்துக் கணக்கு எழுதுபவருக்கு வரி ஒரு சுமையாக இருப்பதில்லை. எழுதாதவருக்குத்தான், வரி கட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஆண்டிலும்கூட, அறிவிப்புக் கடிதம் வந்துவிடுமோ என்ற அச்சம் இருந்துகொண்டே இருக்கிறது. வரி தொடர்பான வேலையில் பெரும்பகுதி பணம் வந்து சேரும் நாளிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்த விரும்புவது.

முதல் வேலை: தனி வங்கிக் கணக்கு

கட்டணம் வருவதற்கென்றே ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, அதனுடன் மட்டும் இணைந்த ஒரு யுபிஐ முகவரியை மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தம்பி திருப்பித் தந்த கடன், சீட்டுப் பணம், தோழிகள் பகிர்ந்துகொண்ட உணவகச் செலவு ஆகியவை அந்தக் கணக்குக்கு வரவே கூடாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளின் மொத்தத் தொகையை வைத்துப் பெங்களூரின் சிறு கடைக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்பியதும், பல கடைகளில் கியூஆர் அட்டைகளை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் கேட்டதும் இந்நகரத்தில் வாழ்பவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது பல வியாபாரிகள் சொன்ன விளக்கம், வரவில் ஒரு பகுதி குடும்பத்தாருடன் நடந்த கொடுக்கல் வாங்கல் என்பதுதான். அது உண்மையாகவே இருந்தாலும், எது வியாபாரம், எது வீட்டுப் பணம் என்று ஒவ்வொரு வரவாகப் பிரித்துக் காட்டும் பொறுப்பு கணக்கு வைத்திருப்பவருடையது. தொடக்கத்திலேயே பிரித்து வைத்தவருக்கு அந்த உழைப்பு மிச்சம்.

தொடக்கத்தில் இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சேமிப்புக் கணக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வங்கிகளின் விதிமுறைகள் சொல்வதால், வரவு நிலைபெற்றதும் நடப்புக் கணக்குக்கு மாறிக்கொள்வது முறை. அதற்குச் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் உதவும். ஆதாரும் பானும் கொண்டு அரசின் உத்யம் தளத்தில் செய்யும் அந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அதே போன்ற தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் அரசினுடையவை அல்ல.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு வரவுக்கும் தேதி, மாணவர் பெயர், அவர் வாழும் நாடு, முழுக் கட்டணம், தளம் எடுத்த கழிவு, வங்கியோ பணப்பரிமாற்ற நிறுவனமோ எடுத்த கட்டணம், பிடித்த வரி, கடைசியாகக் கைக்கு வந்த ரூபாய் என எட்டுப் பத்திகள் போதும். இதற்குக் கணக்கு மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஷீட்ஸில் ஒரு பக்கமே ஆண்டு முழுவதற்கும் போதுமானது. வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுதுவது என்று நாள் குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது வெறும் தொகையை வைத்து அது யார் அனுப்பியது என்று கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

இவற்றில் முழுக் கட்டணம் என்ற பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாணவர் 20 டாலர் செலுத்தி, தளம் 3 டாலரை எடுத்துக்கொண்டு 17 டாலரை அனுப்பினால், உங்கள் வரவு 20 டாலர். அந்த 3 டாலர் உங்கள் செலவு. லாபம் இரு வழியிலும் ஒன்றாகத்தான் வரும் என்றாலும், ஜிஎஸ்டிக்கான 20 லட்சம் ரூபாய் வரம்பைக் கணக்கிடும்போதும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும்போதும் பார்க்கப்படுவது கழிவுக்கு முந்தைய தொகை. கைக்கு வந்ததை மட்டும் எழுதுபவர் வரம்பைத் தாண்டியது தெரியாமலே தாண்டிவிடுவார்.

பத்து வகுப்பு, இருபது வகுப்பு என்று மொத்தமாகப் பணம் வாங்கும் வழக்கம் இத்துறையில் பரவலாக இருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் இருபது வகுப்புக்கான தொகையை வாங்கிவிட்டு மார்ச் முடிவதற்குள் எட்டு வகுப்பு மட்டும் நடத்தியிருந்தால், மீதிப் பன்னிரண்டு வகுப்புக்கான பணம் இன்னும் நீங்கள் உழைத்துப் பெறாத பணம். குடும்பம் ஊர் மாறினாலோ குழந்தைக்குத் தேர்வு வந்தாலோ அதைத் திருப்பிக் கேட்கவும் கூடும். வரிக் கணக்கில் இதை எந்த ஆண்டின் வருமானமாகக் காட்டுவது என்பது, நீங்கள் ரொக்க அடிப்படையில் (பணம் வந்த நாளை வைத்து) கணக்கு வைக்கிறீர்களா, உரிமை ஏற்படும் அடிப்படையில் (வகுப்பு நடத்திய நாளை வைத்து) வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. சட்டம் இரண்டையும் ஏற்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதை ஏற்பதில்லை. தனியாகக் கற்பிப்பவருக்கு ரொக்க அடிப்படையே எளிது என்பது என் கருத்து. வீட்டுச் செலவைப் பொறுத்தவரை, கணக்கு முறை எதுவாக இருந்தாலும், நடத்தாத வகுப்புக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதே நாணயம். எத்தனை நாளுக்கு முன் சொன்னால் வகுப்பை மாற்றித் தருவீர்கள், பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதை முதல் தொகையை வாங்கும்போதே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

சீரற்ற வரவும் உங்களுக்கு நீங்களே தரும் சம்பளமும்

வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களை நம்பிக் கற்பிப்பவரின் வருமானம் பள்ளி நாட்காட்டியோடு ஏறி இறங்கும். அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குடும்பங்கள் ஊருக்கு வந்துவிடுவதால் வகுப்புகள் குறையும். டிசம்பர் கடைசியில் மீண்டும் ஒருமுறை குறையும். இந்தியக் குழந்தைகளுக்கு ஏப்ரலும் மேயும் விடுமுறை என்பதால் அந்த மாதங்களில் குறுகிய காலப் பயிற்சிக்குச் சேர்பவர்கள் கூடலாம். அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும்போது, அங்கே அதே மாலை நேரம் பெங்களூரில் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடுகிறது. அந்த வாரங்களில் இரண்டு மாணவர்களின் நேரம் மோதிக்கொண்டு ஒருவரை இழப்பதும் உண்டு.

ஆகவே கூடுதலாக வந்த மாதத்தின் வரவை அந்த மாதத்திலேயே செலவழித்துவிடக் கூடாது. கடந்த பன்னிரண்டு மாத வரவின் சராசரியைக் கணக்கிட்டு, அதில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களைத் தாங்கும் அளவுக்குக் குறைத்து ஒரு தொகையை முடிவு செய்து, மாதத்தின் முதல் நாளன்று தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் சம்பளம். வரவு வந்த அன்றே ஒரு பங்கை வரிக்கென்று தனிக் கணக்கிலோ, எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ளக்கூடிய வைப்புத்தொகையிலோ போட்டுவிட வேண்டும். ஆண்டு லாபம் 16 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் வரவில் பத்து விழுக்காடும், 24 லட்சம் வரை எதிர்பார்ப்பவர் பதினைந்து விழுக்காடும் ஒதுக்கினால் புதிய வரி முறையில் போதுமானதாகவே இருக்கும். மிஞ்சினால் அது உங்கள் சேமிப்பு.

வருமான வரி: எவ்வளவு, எந்தப் படிவம்

2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 விழுக்காடு என்று படிப்படியாக உயர்ந்து, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடு ஆகிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 87ஏ பிரிவின் தள்ளுபடியால் கட்ட வேண்டிய வரி சுழியாகிவிடும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர், தாண்டிய தொகையைவிட அதிகமாக வரி கட்ட வேண்டியிராதபடி ஒரு சலுகையும் உண்டு. பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு சுயதொழில் வருமானத்துக்குக் கிடையாது. ஆனால் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே இணையத்தில் கற்பிக்கும் முன்னாள் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வூதியப் பகுதிக்கு அந்தக் கழிவைப் பெறலாம்.

வரி சுழி என்றால் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மொத்த வருமானம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே தாக்கல் கட்டாயம். தள்ளுபடி கிடைப்பது அதற்குப் பிந்தைய கணக்கு. வெளிநாட்டு மாணவர் தரும் பணத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்ற பேச்சிலும் உண்மை இல்லை. இந்தியாவில் வசிப்பவரின் வருமானம் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் இங்கே வரிக்கு உட்பட்டதுதான்.

அடுத்ததாக, இத்துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் 44ஏடிஏ பிரிவு. வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே தாக்கல் செய்ய அது வழி செய்கிறது என்பதால், சுயதொழில் செய்பவர் எல்லோருக்கும் அது பொருந்தும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பிரிவு சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்ளக அலங்காரம் ஆகியவற்றுக்கும் அரசு தனியே அறிவித்த சில தொழில்களுக்கும் மட்டுமே உரியது. கற்பித்தல் அந்தப் பட்டியலில் இல்லை. நிறுவனம் உங்கள் கட்டணத்தில், தொழில்முறைக் கட்டணங்களுக்கான 194ஜே பிரிவின் கீழ் வரி பிடித்தது என்பதாலும் அந்தத் தகுதி வந்துவிடாது. வேறு சிலர் வகுப்பு நடத்துவதை வணிகமாகக் கொண்டு 44ஏடி பிரிவில், மின்னணு வரவில் 6 விழுக்காட்டை மட்டும் லாபமாகக் காட்டுகிறார்கள். ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் தவிர வேறு பெரிய செலவில்லாத தொழிலில் நூறு ரூபாய்க்கு ஆறு ரூபாய்தான் மிஞ்சியது என்று கையெழுத்திடுவது, தன் வங்கிக் கணக்கே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நிலையை வரவழைப்பதாகும். உண்மையான வரவையும் உண்மையான செலவையும் எழுதி, ஐடிஆர்-3 படிவத்தில் உண்மையான லாபத்தைக் காட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். 12 லட்சம் வரை வரியே இல்லாத இன்றைய நிலையில், பெரும்பாலான ஆசிரியர்களுக்கு லாபத்தைக் குறைத்துக் காட்டுவதால் கிடைக்கும் ஆதாயமும் ஒன்றுமில்லை.

மூன்று முந்தைய ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் வருமானம் 2.5 லட்சத்தையோ வரவு 25 லட்சத்தையோ தாண்டியிருந்தால் கணக்குப் புத்தகம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். மேலே சொன்ன பதிவேடும் ரசீதுகளும் வங்கி அறிக்கையும் சேர்ந்தால் அதற்கான அடிப்படை தயார். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், புதிய படிவங்களில் இந்தப் பழைய எண்களைத் தேடிக் குழம்ப வேண்டாம். எல்லோரும் அறிந்தவை என்பதால்தான் இங்கே அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் சேமிப்புக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவுகள் கிடைக்கும் என்றாலும், தொழில் வருமானம் உள்ளவர் சம்பளக்காரரைப் போல ஆண்டுதோறும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்க முடியாது. புதிய முறையிலிருந்து ஒருமுறை விலகித் திரும்பி வந்தால், மீண்டும் விலகும் வாய்ப்பு இல்லை.

முன்கூட்டிக் கட்டும் வரி

பிடித்த வரியைக் கழித்த பின்னும் ஆண்டு வரி 10,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், அதை நான்கு தவணைகளில் அந்த ஆண்டுக்குள்ளேயே கட்டிவிட வேண்டும். ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரவும் 4 லட்சம் செலவும் உள்ள ஆசிரியரின் லாபம் 14 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 2 லட்சத்துக்கு 30,000 ரூபாய் எனச் சேர்ந்து 90,000 ஆகிறது. அந்த வரியின் மேல் விதிக்கப்படும் 4 விழுக்காடு செஸ் சேர்த்தால் 93,600 ரூபாய். ஜூனில் 14,040, செப்டம்பரில் 28,080, டிசம்பரில் 28,080, மார்ச்சில் 23,400 என்று வருமான வரித் தளத்திலேயே செலுத்தலாம். இந்த நான்கு தேதிகளையும் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு வாரம் முன்னதாகக் குறித்து வையுங்கள். முதல் தவணை அமெரிக்க விடுமுறையால் வரவு குறையும் மாதத்தில் வருகிறது என்பதால், அதற்கான பணத்தை ஏப்ரல், மே மாதங்களிலேயே ஒதுக்கிவிட வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முன்கூட்டிய வரி இல்லை என்ற விலக்கு, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டுமே என்பதை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

செலவாக எழுதக்கூடியவை

முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவு என்பதே அளவுகோல். தளங்களின் கழிவு, ஜூம் சந்தா, இணையக் கட்டணத்தில் வகுப்புக்கான பங்கு, தலையணி ஒலிவாங்கி, பாடநூல்கள், வங்கிக் கட்டணம், ஆடிட்டருக்குத் தந்த கட்டணம் ஆகியவற்றை எழுதலாம். மடிக்கணினியின் முழு விலையையும் ஒரே ஆண்டில் செலவாகக் காட்ட முடியாது. ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் மட்டுமே. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான். டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு வாங்கியவர் அந்த ஆண்டில் 12,000 ரூபாயை மட்டுமே எழுதலாம் என்பதால், எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றால் செப்டம்பருக்குள் வாங்குவது ஆதாயம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வரித்துறை ஏற்காது.

வாடகை வீட்டின் ஓர் அறையில் கற்பிப்பவர், வாடகையிலும் மின் கட்டணத்திலும் நியாயமான ஒரு பங்கை எழுதிக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரிலோ உங்கள் பெயரையும் சேர்த்தோ இருப்பதும், வாடகை வங்கி வழியாகச் செல்வதும் அவசியம். பெங்களூரில் வீடு பிடிக்கும்போது கொடுக்கும் பெருந்தொகையான அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் அது செலவாகாது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற பிறகு வீட்டு வாடகையைத் தொழில் செலவாகக் காட்டினால், அந்த வாடகைக்கு நீங்களே 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா என்ற கேள்வி எழும். அந்நிலையில் ஆடிட்டரைக் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

பிடித்த வரியும் வெளிநாட்டுத் தளங்களும்

நிறுவனங்கள் ஆசிரியருக்குத் தரும் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக 10 விழுக்காடு பிடித்துக்கொள்கின்றன; பான் எண் தராவிட்டால் அது 20 விழுக்காடாகும். அந்தத் தொகை உங்கள் பெயரில் கட்டப்பட்டதா என்பதை வருமான வரித் தளத்தில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையிலும் உங்கள் பெயரில் பதிவான வரவுகளைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஆண்டு முடிந்த பிறகு கேட்டால் நிறுவனத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் மாறியிருப்பார்.

அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் அல்ல, உழைப்பு இந்தியாவில் நடக்கிறது என்று அறிவிக்கும் அந்தப் படிவத்தைத் தயங்காமல் நிரப்பிக் கொடுக்கலாம்; கொடுக்காவிட்டால் அங்கேயே வரி பிடிக்கும் நிலை வரக்கூடும். பேபால், பேயோனீர், வைஸ் எதன் வழியாக வந்தாலும், எஃப்ஐஆர்ஏ அல்லது எஃப்ஐஆர்சி என்று சொல்லப்படும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை மாதந்தோறும் இறக்கிச் சேமித்து வையுங்கள். வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டில் கல்விச் சேவைக்கு உரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறவினர் அனுப்பிய குடும்பப் பணம் என்ற குறியீட்டில் வந்த டாலரைப் பிற்பாடு தொழில் வரவு என்று நிறுவுவது வீண் அலைச்சல். தளத்தின் கணக்கில் டாலரை மாதக்கணக்கில் தேக்கி வைப்பதும் வேண்டாம்.

ஜிஎஸ்டி

கர்நாடகத்தில் சேவை அளிப்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மும்பையிலும் டெல்லியிலும் இதே வரம்புதான். வேறு மாநிலத்தில் உள்ள மாணவருக்குக் கற்பித்தாலோ, வெளிநாட்டு மாணவர் ஒருவர் இருந்தாலோ உடனே பதிவு செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு; சேவை அளிப்பவர்களுக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு தரப்பட்டிருக்கிறது. அதே நேரத்தில் வெளிநாட்டு வரவும் இந்த 20 லட்சத்துக்குள் சேரும். முழுவதும் அமெரிக்காவிலிருந்தே 22 லட்சம் வந்தாலும் பதிவு கட்டாயம். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டு முகவரியில் பதிவு செய்ய, வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டு உரிமையாளரின் பெயரிலுள்ள பெஸ்காம் மின் கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீது தேவைப்படும். வீட்டில் கடை வைக்கப் போகிறார்கள் என்று உரிமையாளர் அஞ்சக்கூடும் என்பதால், வரவு 17, 18 லட்சத்தை எட்டும்போதே அவரிடம் விளக்கிச் சொல்லி வைப்பது நல்லது.

கல்விக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது பள்ளிகளுக்கும் சட்டம் அங்கீகரித்த பட்டம் தரும் நிறுவனங்களுக்கும் பொருந்துவது. தனிப்பட்ட மொழி வகுப்புக்குப் பொருந்தாது. பதிவு பெற்றபின் இந்திய மாணவரின் கட்டணத்தோடு 18 விழுக்காடு சேர்த்து வாங்கிக் கட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கான வகுப்பு சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட்டு அதற்கு வரி சுழி. அந்தச் சலுகைக்கு இரண்டு முக்கிய நிபந்தனைகளை மறக்கக் கூடாது. ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்திலும் எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தளத்தில் சமர்ப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் வெளிநாட்டுச் செலாவணியாக வந்து சேர வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களோடு பழகுபவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். டாலஸில் இருக்கும் பேத்தி படிக்கிறாள், மதுரையில் இருக்கும் தாத்தா யுபிஐயில் கட்டணம் கட்டுகிறார். குடும்பத்துக்கு இது இயல்பான ஏற்பாடு. பணப்பரிமாற்றக் கட்டணமும் மிச்சம். ஆனால் ரூபாயில் உள்நாட்டிலிருந்து வந்த அந்தத் தொகையை ஏற்றுமதி வரவு என்று காட்ட முடியாது. பதிவு பெற்ற ஆசிரியர் அதற்கு 18 விழுக்காடு கட்ட வேண்டியவராகிறார். 20 லட்சத்துக்குள் இருக்கும்போது இதனால் பாதிப்பில்லை. வரம்பை நெருங்கும்போது அத்தகைய குடும்பங்களிடம் காரணத்தைச் சொல்லி, வெளிநாட்டிலிருந்தே அனுப்பும்படி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பதிவு பெற்றுவிட்டால், ஒரு ரூபாய் வரவில்லாத காலத்துக்கும் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. ஆகவே வரம்புக்குக் கீழே இருப்பவர், மதிப்பாக இருக்கும் என்பதற்காக விரும்பிப் பதிவு செய்துகொள்வதை நான் ஆதரிக்கவில்லை.

தொழில் வரி

இது கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்துக்குச் செலுத்துவது. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு விதித்த உச்ச வரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் இதற்கும் பதிவு செய்து ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும். டெல்லியில் இந்த வரி இல்லை.

முதுமைக்கும் நோய்க்கும்

வருங்கால வைப்பு நிதியோ, பணிக்கொடையோ, சம்பளத்தோடு விடுப்போ இல்லாத தொழில் இது. தொண்டை கட்டிக்கொண்டு பத்து நாள் பேச முடியாமல் போனாலே வரவு நின்றுவிடும். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகை கையிருப்பில் இருப்பதை முதலீடுகளுக்கெல்லாம் முன்னால் வையுங்கள். கணவரின் அல்லது மனைவியின் அலுவலகக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவர்கள், அந்த வேலை போனால் காப்பீடும் போகும் என்பதை எண்ணித் தனி மருத்துவக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை வசதிப்படி போடலாம் என்பது சீரற்ற வருமானம் உள்ளவருக்கு ஏற்றது. புதிய வரி முறையில் போடும் தொகைக்குக் கழிவு கிடைக்காவிட்டாலும் வட்டிக்கு வரி இல்லை.

தாக்கலும் ஆடிட்டரும்

தாக்கல் செய்வதற்கு முன் உங்கள் பதிவேட்டின் மொத்தத்தை வங்கி அறிக்கையோடும் ஏஐஎஸ் அறிக்கையோடும் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு விளக்கம் எழுதி வையுங்கள். கடைசித் தேதியை அரசு அவ்வப்போது மாற்றுவதால், அந்தந்த ஆண்டின் தேதியை வருமான வரித் தளத்திலேயே பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. தாமதித்தால் 5,000 ரூபாய் வரை கட்டணம் உண்டு. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்த்துவிட வேண்டும்; அதற்குப் பின் சரிபார்த்தால் சரிபார்த்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும், சரிபார்க்காமலே விட்டால் தாக்கல் செய்ததாகவே கொள்ளப்படாது. நாடு முழுவதன் வருமான வரிப் படிவங்களும் பரிசீலிக்கப்படுவது இதே பெங்களூரில் உள்ள மையத்தில்தான் என்றாலும், நேரில் போய்க் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை, எல்லாம் இணையத்தில்தான்.

முதல் ஆண்டில் ஒரு பட்டயக் கணக்காளரின் துணையோடு தாக்கல் செய்வது செலவுக்குத் தகுந்த பயன் தரும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழிலேயே பேசி விளக்கக்கூடிய ஆடிட்டர்களைத் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். ஒப்படைப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் வருமானத்தை எந்தப் பிரிவில் காட்டுவீர்கள், ஏன்? வெளிநாட்டு வரவுக்கு எந்தச் சான்றுகளைக் கேட்பீர்கள்? அறிவிப்பு வந்தால் பதில் எழுதித் தருவீர்களா, அதற்குக் கட்டணம் தனியா? பதிவேட்டைப் பார்க்காமலே பெரிய தொகை திரும்ப வாங்கித் தருவதாக வாக்களிப்பவரிடம் கொடுக்காதீர்கள். கையெழுத்து அவருடையதல்ல, உங்களுடையது. வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லும், அதில் பதிந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவே இருக்க வேண்டும், ஏனெனில் துறையின் கடிதங்கள் அங்கேதான் வரும். ரசீதுகளையும் பண வரவுச் சான்றுகளையும் ஆண்டுவாரியாகக் கோப்பிட்டு, வரி மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பிறகு ஆறு ஆண்டுகள் வரை பாதுகாத்து வையுங்கள்.